ஒரு முறை துடைக்க எந்த நார்?

2020 பிப்ரவரி 7 அன்று, கொவிட் எச்சரிக்கை நிலை ஆரஞ்சுக்கு உயர்த்தப்பட்ட செய்தி வந்த சில மணி நேரத்தில், சிங்கப்பூர்ப் பேரங்காடிகளில் அரிசியும் நூடல்ஸும் காலியாயின. கூடவே டாய்லெட் பேப்பரும் காலியானது. அரிசிக்காக அலைந்ததில் ஒரு நியாயம் உண்டு. குழாயைத் திறந்தால் எந்நேரமும் தண்ணீர் வரும் ஊரில், கழிவறைச் சுவரிலேயே தண்ணீர் பீய்ச்சும் குழாய் மாட்டியிருக்கும் வீட்டுக்காரர்களும்கூட, தள்ளுவண்டி நிறையத் தாள் சுருள்களை ஏற்றிக்கொண்டு வரிசையில் நின்றதற்கு என்ன நியாயம் சொல்வது? அதைப் பற்றி அப்போது நிறையக் கேலி வந்தது. கேலி செய்ய எனக்கு விருப்பமில்லை. நம் பாட்டிமார் வீட்டில் இல்லாத ஒரு பொருள், நெருக்கடி என்றதும் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வைத்து எண்ணப்படும் இடத்துக்கு வந்துவிட்டது என்பதை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். அப்படி வந்துவிட்ட பொருளை வாங்கும்போது சுற்றுச்சூழலை மனத்தில் வைத்து எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதே இன்றைய பேச்சு.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மரத்திலிருந்து எடுத்த நார் ஒரு முறை தாளானதோடு முடிந்துபோவதில்லை. எழுதும் தாளாக இருந்தது பழைய தாளாகச் சேகரிக்கப்பட்டு, கரைக்கப்பட்டு, மறுபடி தாளாகிறது. ஒவ்வொரு சுற்றிலும் நார் கொஞ்சம் உடைந்து குட்டையாகிறது. ஐந்து முதல் ஏழு சுற்றுவரை தாங்கும் என்பது ஆலைக்காரர்கள் சொல்லும் பொதுக் கணக்கு. இந்தச் சுற்றில் டிஷ்யூ மட்டும் சேராது. கழிவறைத் தாள் சாக்கடையில் போகிறது. மூக்கைத் துடைத்ததும் மேசையைத் துடைத்ததும் குப்பையில் போகின்றன. நம் அடுக்குமாடிகளின் கீழே நிற்கும் மறுபயனீட்டு நீலத் தொட்டியிலும் அதைப் போடக் கூடாது. போட்டால் உள்ளே இருக்கும் நல்ல தாளும் கெடும். எரிஆலையில் சாம்பலாகிச் செமாக்காவ் தீவுக்குப் போவதுதான் அதன் முடிவு. ஆகவே தாள் வகைகளிலேயே திரும்பி வர வழியில்லாத ஒன்றுக்கு, ஏற்கெனவே பலமுறை உழைத்துத் தேய்ந்த நாரைத்தான் கொடுக்க வேண்டும். நடப்பதோ நேர்மாறு. கடைத்தட்டில் விலை கூடிய, மிருதுவான டிஷ்யூ பெரும்பாலும் புதுமர நாரில் செய்தது. பழைய நாரில் செய்தது கிடைத்தாலும் கீழ்த்தட்டில் கிடக்கும்.

இதிலிருந்து ஒரு வரிசை பிறக்கிறது. தாளே வேண்டாத வேலைகளில் தாளை விலக்குவது முதலில். தாள் வேண்டிய இடத்தில் பயன்படுத்திய தாளிலிருந்து செய்ததை வாங்குவது அடுத்தது. அது கிடைக்காதபோதுதான் புது நாரில் எது மேல் என்று முத்திரைகளைப் படிக்கத் தொடங்க வேண்டும். விளம்பரம் நம்மை மூன்றாவதிலேயே நிறுத்திவிடுகிறது. பொட்டலத்தில் பச்சை இலை இருக்கிறதா என்று பார்த்து வாங்கிவிட்டால் கடமை முடிந்ததாக நினைக்கிறோம்.

முதலில் பொருளைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். ஆலையில் நார்க்கூழ் தண்ணீரில் கரைந்து வரும்போது நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். அது ஓடும் வலைமேல் பரவி, நீர் வடிந்து, ஈரப் படலமாக ஒரு பெரிய இரும்பு உருளையில் ஒட்டிக்கொள்கிறது. உள்ளே நீராவி கொதிக்கும் அந்த உருளை பல மீட்டர் விட்டமுள்ளது. முகம் தெரியும் அளவுக்கு மெருகேற்றியது. ஒரே சுற்றில் படலம் காய்ந்துவிட, நீளமான கத்தி ஒன்று அதைச் சுரண்டி எடுக்கிறது. சுரண்டும்போது தாள் நுணுக்கமாகச் சுருங்குகிறது. ஒரு டிஷ்யூவை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் குறுக்கே ஓடும் மெல்லிய வரிகள் தெரியும். அவை அந்தக் கத்தி விட்ட சுருக்கங்கள். மிருதுத்தன்மை பெருமளவு அங்கேதான் பிறக்கிறது. மீதி நாரைப் பொறுத்தது. கனடா, ஸ்காண்டிநேவியா போன்ற குளிர்நாட்டு ஊசியிலை மரங்களின் நார் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீளம். தாளுக்கு உறுதி தருவது அது. தைல மரம், அகேசியா போன்றவற்றின் நார் ஒரு மில்லிமீட்டரை ஒட்டியது. தோலுக்கு இதமாக இருப்பது அது. இரண்டையும் கலந்துதான் பெரும்பாலான நிறுவனங்கள் செய்கின்றன. கிண்ணம் இரண்டில் தண்ணீர் எடுத்து, ஒன்றில் கழிவறைத் தாளையும் மற்றதில் முகம் துடைக்கும் டிஷ்யூவையும் போட்டுக் கலக்கிப் பாருங்கள். முன்னது சற்று நேரத்தில் கரைந்து குழம்பாகும். பின்னது நனைந்தும் கிழியாமல் கிடக்கும். ஈரத்தில் வலு குறையாதிருக்க அதில் பிசின் சேர்க்கிறார்கள். முகம் துடைக்கும் டிஷ்யூவையும் சமையலறைத் தாளையும் கழிவறையில் போட்டுத் தண்ணீர் விடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். ஈரத்துடைப்பான்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவற்றில் பல பிளாஸ்டிக் இழை கலந்தவை. 2017-இல் லண்டன் வைட்சேப்பல் பகுதியில் சாக்கடையை அடைத்துக்கொண்டிருந்த கொழுப்புப் பாறை 250 மீட்டர் நீளம், 130 டன் எடை. கொழுப்பைக் கோத்துப் பிடித்திருந்தவற்றில் அந்தத் துடைப்பான்களும் இருந்தன.

இனி, புது நார் எங்கிருந்து வருகிறது? உலகம் அதிகம் பேசியது கனடாவின் வடகாட்டைப் பற்றி. அமெரிக்காவின் என்ஆர்டிசி என்ற சுற்றுச்சூழல் அமைப்பு 2019-இல் வெளியிட்ட அறிக்கை, உலக மக்கள்தொகையில் 4 விழுக்காடே உள்ள அமெரிக்கா உலக டிஷ்யூவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பயன்படுத்துகிறது என்று காட்டியது; அந்தக் காட்டின் நாரைப் பயன்படுத்தும் அந்நாட்டுப் பெரிய பிராண்டுகளுக்கு மிகக் குறைந்த மதிப்பெண்களைக் கொடுத்தது. மறு ஆண்டு அக்டோபரில், அந்தப் பிராண்டுகளில் சிலவற்றைச் செய்யும் புரொக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தின் பங்குதாரர்களே, காட்டழிவைத் தவிர்க்க நிறுவனம் என்ன செய்யப்போகிறது என்று அறிக்கை தர வேண்டும் என்ற தீர்மானத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்களித்தார்கள். ஒரு சோப்புக் கம்பெனியின் பங்குதாரர் கூட்டத்தில் மரத்தின் பேரால் நிர்வாகம் தோற்பது அன்றாடம் நடப்பதல்ல. ஆனால் கனடா நமக்குத் தொலைவு. நமக்கான பாடம் கடலுக்கு அந்தப் பக்கம், சுமத்ராவில் இருக்கிறது. அதைப் படிக்க நாம் எங்கும் போகவில்லை. 2015-இல் அதுவே மூச்சுக்காற்றாக நம் வீட்டுக்கு வந்தது.

அந்த ஆண்டு செப்டம்பர் 25 அன்று புகைமூட்டத்தால் சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளிகளும் உயர்நிலைப்பள்ளிகளும் மூடப்பட்டன. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 300-ஐத் தாண்டி அபாயகரமான அளவுக்குப் போயிருந்தது. எல்லை தாண்டிய புகைமூட்டத் தூய்மைக்கேட்டுச் சட்டம் 2014-இலேயே இயற்றப்பட்டிருந்தது. அதன்கீழ் தேசியச் சுற்றுப்புற வாரியம் இந்தோனேசிய நிறுவனங்கள் சிலவற்றிடம் விளக்கம் கேட்டது. அவற்றில் ஏஷியா பல்ப் அண்ட் பேப்பர் என்ற பெரிய கூழ், தாள் நிறுவனமும் ஒன்று. நம் கடைகளில் விற்ற பசியோ போன்ற டிஷ்யூக்கள் அதனுடையவை. சிங்கப்பூர்ச் சுற்றுச்சூழல் மன்றம் அந்நிறுவனத்தின் உள்ளூர் விநியோகஸ்தருக்கு அளித்திருந்த பச்சை முத்திரையைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. அக்டோபர் 7 அன்று என்டியுசி ஃபேர்பிரைஸ் அந்த நிறுவனத்தின் பொருள்களைத் தட்டிலிருந்து எடுத்தது. மற்றப் பேரங்காடிகளும் பின்தொடர்ந்தன. பயனீட்டாளர் சங்கமும் குரல் கொடுத்தது. தீ வைப்பது தங்கள் கொள்கைக்கே விரோதமானது என்று நிறுவனம் சொன்னது. பல்லாயிரம் ஹெக்டேர் பரப்பில் யார் நிலத்தில் யார் வைத்த நெருப்பு என்று நிறுவுவது எளிதல்ல. அந்த வழக்கை இங்கே நடத்த நான் வரவில்லை. எனக்கு வேண்டியது அதற்கு அடியில் இருக்கும் மண்ணின் கதை.

சுமத்ராவின் கிழக்குக் கரையோரம் பெரும்பரப்பு கரிச்சதுப்பு நிலம். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக விழுந்த மரமும் இலையும் தண்ணீரில் மூழ்கி, மக்காமல் மீட்டர் கணக்கில் படிந்து கிடக்கும் நிலம் அது. தண்ணீர் இருக்கும்வரை அது கரிமத்தைப் பூட்டிவைக்கிறது. அங்கே அகேசியா வளர்க்க வேண்டுமானால் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடிக்க வேண்டும். வடித்த நிலம் காற்றுப் பட்டு மெல்ல மெல்ல மக்கத் தொடங்குகிறது. நெருப்பே இல்லாவிட்டாலும் ஆண்டு முழுவதும் கரியமில வாயுவை விட்டுக்கொண்டே அமிழ்கிறது. எல்நினோ வந்து மழை பொய்த்தால் காய்ந்த அந்த மண்ணே விறகு. தீ மண்ணுக்கடியில் கனன்று நகரும். மேலிருந்து ஊற்றும் தண்ணீருக்கு எளிதில் அடங்காது. 2015-இல் ஜூன் முதல் அக்டோபர் வரை இந்தோனேசியாவில் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்ததாகவும், அந்நாட்டுக்கு நேர்ந்த இழப்பு 1,600 கோடி அமெரிக்க டாலரைத் தொட்டதாகவும் உலக வங்கி கணக்கிட்டது. எரிந்ததெல்லாம் டிஷ்யூவுக்காக அல்ல. செம்பனையும் சிறு விவசாயமும் அதில் உண்டு. ஆயினும் கூழ்மரத் தோட்டத்துக்காக வடித்த சதுப்பும் அதில் ஒரு பங்கு.

அந்தப் பொட்டலங்களில் பச்சை முத்திரை முன்பே இருந்தது என்பதைக் கவனியுங்கள். முத்திரை பொய் சொல்லவில்லை. சதுப்பு நிலத்தைப் பற்றியும் நெருப்பைப் பற்றியும் அதனிடம் எவரும் அழுத்திக் கேட்டிருக்கவில்லை. புகை வந்து, கடைக்காரர்கள் பொருளை எடுத்த பிறகே, கூழ், தாள் பொருள்களுக்கான விதிகளில் அந்தக் கேள்விகள் கடுமையாகச் சேர்க்கப்பட்டன. மரத்துக்கான சான்றிதழ்களில் மற்றவற்றைவிட நம்பத்தக்கதாகக் கருதப்படுவது 1993-இல் தொடங்கிய எஃப்எஸ்சி. இதே ஏஷியா பல்ப் அண்ட் பேப்பருடனான உறவை அது 2007-இலேயே முறித்துக்கொண்டது. இயற்கைக் காட்டை வெட்ட மாட்டோம் என்று நிறுவனம் கொள்கை அறிவித்தது 2013-இல். அதே எஃப்எஸ்சியின் முத்திரைகூட ஒன்றல்ல, மூன்று. மறுசுழற்சி என்ற சொல் உள்ளது பழைய நாருக்கு. நூறு விழுக்காடு என்பது சான்று பெற்ற காட்டின் புது நாருக்கு. கலவை என்று வரும் மூன்றாவதுதான் டிஷ்யூப் பொட்டலங்களில் அதிகம் கண்ணில் படுவது. சான்று பெறாத, ஆனால் மோசமான மூலங்களை விலக்கிய மரமும் அதில் சேரலாம். மூன்றிலும் அதே மரச் சின்னம் இருப்பதால் வாங்குபவர் வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. சின்னத்தின் கீழே உள்ள சின்ன எழுத்தைப் படிப்பதில்தான் எல்லாமே இருக்கிறது. மறுசுழற்சி என்று இருந்தாலும் இன்னொரு கேள்வி பாக்கி: வீட்டிலும் அலுவலகத்திலும் பயன்படுத்திய தாளா, ஆலையிலேயே வெட்டி விழுந்த விளிம்பா? விளிம்பை ஆலைக்காரர் எப்படியும் வீணாக்கப்போவதில்லை. பயன்படுத்திய தாளின் விழுக்காட்டை வெளிப்படையாக அச்சிடும் பிராண்டுக்கே முதலிடம்.

இங்கே தோட்டக்காரர்களின் நியாயம் ஒன்று வரும். அகேசியா ஐந்தாறு ஆண்டில் வெட்டி மறுபடி நடும் பயிர்; நெல்லை அறுப்பதைக் குறை சொல்வீர்களா என்று கேட்பார்கள். கேள்வியில் பாதி நியாயம் உண்டு. ஏற்கெனவே வெறுமையாகிப்போன மேட்டுநிலத்தில் வளர்த்த மரத்தையும், சதுப்பை வடித்தோ இயற்கைக் காட்டை மொட்டையடித்தோ வளர்த்த மரத்தையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. முத்திரையின் வேலையே இந்த வேறுபாட்டைச் சொல்வதுதான். ஆனால் நல்ல நிலத்தில் நல்லபடி வளர்ந்த நாருக்கும் என் முதல் வாதம் பொருந்தும். அது புத்தகமாகவோ அட்டைப்பெட்டியாகவோ போனால் இன்னும் ஐந்து சுற்று உழைக்கும். டிஷ்யூவாகப் போனால் அரை நிமிட உழைப்போடு சரி. காகிதத்துக்காக எடுக்க வேண்டிய மரத்தின் அளவைக் குறைப்பது எப்படி என்று பார்த்தால், திரும்பி வராத பொருளிலிருந்து தொடங்குவதே புத்தி.

அடுத்த மறுப்பு கனமானது, பொறியாளர்கள் எழுப்புவது. மரத்தை வேதிமுறையில் கூழாக்கினால் எடையில் ஏறத்தாழப் பாதிதான் நாராகக் கிடைக்கும். மீதி கருந்திரவமாக வெளியேறும். ஆலை அதையே எரித்துத் தனக்கு வேண்டிய நீராவியையும் மின்சாரத்தையும் பெருமளவு எடுத்துக்கொள்கிறது. பழைய தாளைக் கரைக்கும் ஆலைக்கு அந்த வசதி இல்லை. அது வெளியிலிருந்து வாங்கும் மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தால், புகைபோக்கிக் கணக்கில் மட்டும் புதுக் கூழ் முந்திவிடலாம். மை நீக்கும்போது வரும் சேற்றையும் எங்காவது கொட்டவோ எரிக்கவோ வேண்டும். இவை உண்மை, மறுக்க மாட்டேன். ஆனால் அந்தக் கணக்கு ஆலை வாசலில் தொடங்கி ஆலை வாசலிலேயே முடிகிறது. வெட்டிய காட்டில் மறுபடி அதே கரிமம் சேரும் காலத்தையும், வடித்த சதுப்பு ஆண்டுதோறும் விடும் வாயுவையும் சேர்த்தால் தராசு சாயும் பக்கம் மாறுகிறது. தவிர, மின்சாரம் மாறக்கூடியது. ஆலை நாளை சூரிய ஒளிக்கோ காற்றாலைக்கோ மாறலாம். மூவாயிரம் ஆண்டுச் சதுப்பை எவராலும் நாளைக்கு உண்டாக்கித் தர முடியாது.

உடல்நலம் பற்றிய அச்சமும் உண்டு. கடை ரசீதுகளின் வெப்பத்தாளில் பிஸ்பீனால் ஏ என்ற வேதிப்பொருள் பூசப்பட்டு வந்தது. ரசீதுகள் பழைய தாளோடு கலந்ததால் மறுசுழற்சித் தாளிலும் அது சிறிதளவு தென்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜனவரி முதல் வெப்பத்தாளில் அதைக் கட்டுப்படுத்திவிட்டது. ஊற்றையே அடைப்பதுதான் இதற்கு வழி. ரசீதைக் கையில் வாங்கிக் கசக்கும் தொடுதலோடு ஒப்பிட்டால் டிஷ்யூ வழியாக வருவது சொற்பம். 2023-இல் ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல கண்டங்களின் கழிவறைத் தாள்களில் பிஃபாஸ் வகை வேதிப்பொருள்கள் பில்லியனில் இத்தனை பங்கு என்ற அளவில் இருப்பதைக் கண்டு சொன்னார்கள். அவர்கள் கவலை தோலைப் பற்றியது என்பதைவிடச் சாக்கடைநீரைப் பற்றியது. இதைப் பழைய தாளின் குற்றமாக மட்டும் பேசுவது சரியாகாது. வெளுப்பைப் பொறுத்தவரை, 1980-களில் குளோரின் வாயுவால் வெளுத்த ஆலைகளின் கழிவில் டயாக்சின் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு பெரும்பாலான ஆலைகள் குளோரின் டைஆக்சைடுக்கு மாறின. அதையும் தொடாமல் ஆக்சிஜன், பெராக்சைடு கொண்டு வெளுப்பது இன்னும் மேல். வெளுக்கவே செய்யாத பழுப்புத் தாளை நம்மவர்கள் அழுக்கு என்று ஒதுக்குகிறார்கள். பழுப்பு வெல்லத்தை உடம்புக்கு நல்லது என்று தேடி வாங்கும் வீட்டிலேயே இந்த ஒதுக்கல் நடப்பது வேடிக்கை.

மரமே வேண்டாம், மூங்கில் வாங்குகிறோம் என்று இப்போது பலர் சொல்கிறார்கள். மூங்கில் புல்வகை, வெட்டினால் வேரிலிருந்து தானே துளிர்க்கும், மூன்று முதல் ஐந்து ஆண்டில் வெட்டுக்கு வரும். நல்ல நார்தான். ஆனாலும் அது புது நார். கூழாக்கும் வேதிமுறையும் ஏறத்தாழ மரத்துக்குரியதே. காட்டை அழித்து மூங்கில் வைத்தால் பயன் என்ன? 2024-இல் பிரிட்டனின் விச் என்ற நுகர்வோர் அமைப்பு, மூங்கில் என்று விற்ற ஐந்து பிராண்டுகளைச் சோதித்தபோது சிலவற்றில் மூங்கில் மிகக் குறைவாக இருந்தது. மீதி தைல மரம், அகேசியா போன்ற மர நார். மூங்கில் என்று நம்பியவர்கள் பழைய மர நாரையே வாங்கியிருக்கிறார்கள். மூங்கிலைவிட எனக்கு நம்பிக்கை கரும்புச் சக்கைமேல். அதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. கரூர் மாவட்டம் புகழூரை ஒட்டிய காகிதபுரத்தில் 1979-இல் உருவான தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், சக்கையிலிருந்து செய்தித்தாளும் எழுதும் தாளும் பெருமளவில் செய்ய முடியும் என்று காட்டியது. ஆனால் சக்கை சும்மா கிடப்பதல்ல. சர்க்கரை ஆலைக்காரர் அதைக் கொதிகலனில் எரிக்கிறார். சக்கையை வாங்க வேண்டுமானால் பதிலுக்கு எரிபொருளோ நீராவியோ கொடுக்க வேண்டும், காகிதபுரமும் அப்படிக் கொடுத்தே வாங்கியது. கழிவு என்று நாம் கைகாட்டும் பொருளுக்குப் பெரும்பாலும் ஏற்கெனவே ஒரு வேலை இருக்கும் என்பதை இந்தப் பேரம் காட்டுகிறது. அதற்கு ஈடாகத் தருவது நிலக்கரியா, வேறா என்பதைப் பொறுத்தே சக்கைத் தாளின் பெருமை.

இனி வரிசையின் முதல் படி. நமக்கு இது எளிது. ஏனெனில் நாம் தண்ணீர்க்காரர்கள். கழுவுவதற்குப் பதிலாகத் தாளுக்குப் பழகியவர்களை மாற்றப் பிரசாரம் செய்ய வேண்டியிருக்கிறது. நாம் பழைய பழக்கத்தைக் கைவிடாமல் இருந்தாலே போதும். தண்ணீர் வீணாகாதா என்று கேட்கிறார்கள். கழுவ ஒரு சொம்புத் தண்ணீர் ஆகும். கழிவறைத் தொட்டி ஒரு முழு விடுப்புக்குச் சில லிட்டர் விடுகிறது. தாள் பயன்படுத்தினாலும் அந்த விடுப்பு குறையப்போவதில்லை. தாள் செய்யவும் தண்ணீர் வேண்டும். அது நம் மீட்டரில் ஓடாததால் கண்ணில் படுவதில்லை. கழுவிய பின் ஈரம் என்பது நியாயமான குறை. அதற்கு ஒரு துண்டு தாளோ, ஆளுக்கொரு சிறு பருத்தித் துண்டோ போதும். துண்டுகளை மற்றத் துணியோடு சேர்க்காமல் வெந்நீரில் துவைக்க வேண்டும். முதியோரைப் படுக்கையில் வைத்துப் பராமரிக்கும் வீட்டிலும், வயிற்றுப்போக்கு நேரத்திலும், குழந்தைக்குச் சளி பிடித்தபோதும் தாளே சிறந்தது. அங்கே ஒருவரையும் குற்ற உணர்வுக்கு ஆளாக்கக் கூடாது.

கழுவும் பழக்கமுள்ள வீட்டில் தாள் பெரும்பாலும் தீர்வது கழிவறையில் அல்ல, சமையலறையில். அப்பளம் பொரித்த எண்ணெயை உறிஞ்ச, அடுப்பு மேடையைத் துடைக்க, கை ஈரம் போக்க, சிந்திய பாலை எடுக்க என்று எல்லாவற்றுக்கும் ஒரே சுருள். இவற்றில் எண்ணெய் வேலை ஒன்றுக்குத்தான் தாள் தேவை. அதுவும் கம்பி வலைத்தட்டில் வடியவிட்டால் தேவைப்படாது. மற்றதற்குப் பழைய வேட்டியையும் சேலையையும் கிழித்த கரித்துணி போதும். துணியில் கிருமி என்பார்கள். சிங்க் ஓரத்தில் நாள் முழுக்க ஈரமாகச் சுருண்டு கிடக்கும் துணியில் கிருமி வளர்வது உண்மைதான். காயவைக்கிற, நாள்தோறும் மாற்றுகிற துணிக்கு அந்தப் பழி இல்லை. வெளியே போனால் கைக்குட்டை. உணவங்காடி நிலையத்தில் இடம்பிடிக்க மேசைமேல் டிஷ்யூப் பொட்டலத்தை வைக்கும் நம் ஊர் வழக்கத்துக்குக் குடையும் உதவும், அலுவலக அட்டையும் உதவும். அங்கே மேசைக்கு மேசை வந்து டிஷ்யூ விற்கும் முதியவர்களின் பிழைப்பு என்னாவது என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். அவர்களிடம் வாங்குங்கள். வாங்கியதை நிதானமாகச் செலவழியுங்கள். எழுபது வயதில் ஒருவர் டிஷ்யூ விற்க வேண்டியிருப்பதற்கான தீர்வு, நாம் எத்தனை டிஷ்யூ கசக்கி எறிகிறோம் என்பதில் இல்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு சங்கடமான மறுப்பைத் தவிர்க்க முடியாது. எல்லோரும் மறுசுழற்சி டிஷ்யூ கேட்டால் அதற்கான பழைய தாள் எங்கே? செய்தித்தாள் சுருங்கிவிட்டது; அலுவலகங்கள் கணினிக்கு மாறிவிட்டன; டிஷ்யூவுக்கு ஏற்ற நல்ல வெள்ளைத் தாள் கழிவு ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது. மறுப்பு சரியானது. ஆனால் இருப்பதையாவது நாம் சேர்க்கிறோமா? சிங்கப்பூரில் முன்பு தாள் கழிவில் பாதிக்கு மேல் மறுபயனீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது; 2023-இல் அது 31 விழுக்காடு. வீட்டுக்கு வீடு வந்து பழைய செய்தித்தாள் எடுத்துப்போன கரங்குனிக்காரர்கள் அருகிவிட்டார்கள். நீலத் தொட்டியில் பாதிக் காப்பியோடு கோப்பையைப் போட்டு, அடியில் கிடக்கும் தாளையெல்லாம் ஊறவைக்கிறோம். மறுசுழற்சித் தாளை ஆதரிப்பவர் கடையில் செய்யும் வேலையைவிடத் தொட்டி அருகே செய்யும் வேலை பெரிது: தாளும் அட்டையும் நனையாமல், எண்ணெய் படாமல் போய்ச் சேர வேண்டும். கிடைக்கும் பழைய நார் போதாது என்பதே, அதை வீண் துடைப்புகளில் கரைக்காமல் இருக்க இன்னொரு காரணம்.

ஒரு வீடு மாறி என்ன ஆகிவிடும் என்ற கேள்விக்கு 2015-இன் பதில் இருக்கிறது. அன்று பொருளைத் தட்டிலிருந்து எடுத்தது தனித்தனி வீடுகள் அல்ல; மொத்தமாக வாங்குகிறவர்கள். இங்கே அமர்ந்திருக்கும் பலர் ஏதோ ஓர் இடத்தில் மொத்தமாக வாங்குகிறவர்கள்தாம். கோயில் அன்னதானத்துக்கு, திருமண விருந்துக்கு, அடுக்குமாடி நிர்வாகக் குழுவுக்கு, அலுவலகக் கழிவறைக்கு என்று பெட்டி பெட்டியாக டிஷ்யூ வாங்கப்படுகிறது. வாங்குபவர் பார்ப்பது விலை ஒன்றையே. அந்த இடங்களில் பழுப்பு நிறமோ மிருதுக் குறைவோ ஒருவரும் கவனிக்கப்போவதில்லை. மறுசுழற்சித் தாள் பெட்டி அளவில் வாங்கும்போது விலையும் பெரிதாக ஏறாது. ஒவ்வொன்றாக உருவும் பெட்டகம் வைத்தால் செலவாகும் எண்ணிக்கையே குறையும். அடுத்த முறை விலைப்பட்டியல் கேட்கும்போது, பயன்படுத்திய தாளின் விழுக்காடு எத்தனை, கூழ் எந்த ஆலையிலிருந்து வருகிறது, சான்றிதழ் எண் என்ன என்று விநியோகஸ்தரிடம் எழுத்தில் கேளுங்கள். எஃப்எஸ்சி எண்ணை அதன் இணையப் பதிவேட்டில் இட்டு, செல்லுபடியாகிறதா என்று எவரும் பார்க்கலாம். ஐந்து நிமிடம் ஆகாது. ஆலையின் பெயரைச் சொல்ல முடியாத விநியோகஸ்தரிடம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டியதில்லை.